ஆஃப்டர்மார்க்கெட் ஹெடர் போடலாமா? 86 வைத்திருக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 · சிவப்பு86

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா 86. ஆறு வருடமாக ஓட்டுகிறேன். என்ஜினில் இதுவரை எதையும் தொட்டதில்லை.

வண்டியில் எனக்குள்ள ஒரே குறை, 86 வைத்திருக்கும் எல்லோரும் சொல்லும் அதே குறைதான். 3,000 ஆர்பிஎம் வரை நன்றாக இழுக்கிறது. 3,500 தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி தளர்ந்துவிடுகிறது. 4,500-ஐத் தொட்டால் மறுபடி உயிர் வருகிறது. மூன்றாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஊசி சரியாக அந்தப் பள்ளத்தில்தான் நிற்கும். மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏற மாட்டேன் என்கிறது.

ஹெடர் (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுத்துப் போகும் குழாய்த் தொகுதி) மாற்றினால் இது தீரும் என்று பலர் சொல்கிறார்கள். சத்தத்தைத் தவிர ஒன்றும் மாறாது என்று சொல்பவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். சத்தம் எனக்கு முக்கியமில்லை. இந்த இடைப்பட்ட இழுவை கிடைக்குமா, கிடைக்காதா? ஹெடர் மட்டும் போதுமா, டியூனும் (என்ஜின் கணினியில் செய்யும் திருத்தம்) வேண்டுமா? புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் இல்லாத ஹெடரில்தான் பலன் என்பது உண்மையா? சொந்த அனுபவத்தில் இருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 · மலைப்பாதை

வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5, என்டி தலைமுறை, 2 லிட்டர். வாங்கி ஒரு வருடத்தில் ஹெடர் மாற்றினேன். மாற்றும் முன் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு. கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது, கம்பெனியிலிருந்து வந்ததே நீளக் குழாய்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து, பிறகு ஒன்றாக்கிய 4-2-1 அமைப்பு. வழக்கமான வார்ப்பிரும்புக் கட்டி இல்லை.

மாஸ்டா 2011-இல் ஸ்கைஆக்டிவ்-ஜி என்ஜின்களைக் கொண்டு வந்தபோதே இதைச் செய்துவிட்டார்கள். சில நாடுகளில் 14:1 வரை அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பது) வைத்தார்கள். ஒரு சிலிண்டரின் சூடான புகை பக்கத்துச் சிலிண்டருக்குள் திரும்பிப் போனால் அந்த விகிதத்தில் நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாகவே வெடிப்பது) வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த நீளக் குழாய். அப்படிக் கணக்குப் போட்டு வைத்ததைக் கழற்றிவிட்டு நான் போட்டதும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான். என்ன மாறியிருக்கும்? சத்தம் கூர்மையானது. வண்டியின் எடை கொஞ்சம் குறைந்தது. பிக்கப்பில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் நல்ல டயரும் நல்ல பிரேக் பேடும் போட்டேன். முதல் வளைவிலேயே தெரிந்தது. அதனால் டயர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்து முடித்த பிறகும் காசு மிச்சமிருந்தால் மட்டும் ஹெடரைப் பற்றி யோசியுங்கள்.

#3 · டைனோஅறை

மலைப்பாதை சொல்வது அவருடைய வண்டிக்கு முழுக்கச் சரி. ஆனால் அதை எல்லா வண்டிக்கும் பொருத்த முடியாது. கம்பெனி எதைக் கொடுத்தது, எதை விட்டுவிட்டது என்பதைப் பொறுத்துத்தான் பலன். இசியூ (என்ஜின் கணினி) டியூனிங் என் தொழில், தினமும் இதையேதான் பார்க்கிறேன். கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஹெடர் என்றால் புகை தாராளமாக வெளியேற அகலமான வழி என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியம் நேரம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடும். அவ்வளவு சூடான புகையில் அதன் வேகம் நொடிக்கு 550, 600 மீட்டர் இருக்கும். குழாய்கள் சேரும் கலெக்டருக்கு வந்ததும் இடம் திடீரென்று அகலமாகிறது. அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை வால்வை நோக்கித் திரும்புகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடும் முன்பே இன்டேக் வால்வு திறக்கும் ஒரு சிறு இடைவெளி உண்டு, அதை ஓவர்லாப் என்பார்கள். அந்த நேரத்தில் உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால் சிலிண்டரில் தேங்கிய புகையை இழுத்துக்கொண்டு போகும், கூடவே புதுக் காற்றையும் உள்ளே வரவழைக்கும். அதே நேரத்தில் அழுத்த அலை வந்து சேர்ந்தால் புகையை உள்ளேயே தள்ளிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. 80 சென்டிமீட்டர் குழாயில் அலை போய்த் திரும்ப 1.6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 3 மில்லிநொடி. என்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் இந்த 3 மில்லிநொடி பெரிதாக மாறாது. ஆனால் அந்த நேரத்தில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 6,000 ஆர்பிஎம்மில் 108 பாகை திரும்பியிருக்கும், 3,000-இல் 54 பாகைதான் திரும்பியிருக்கும். ஆகவே ஒரு வேகத்தில் சரியாக வந்து சேரும் அலை, இன்னொரு வேகத்தில் தப்பான நேரத்தில் வரும். எல்லா வேகத்திலும் பொருந்தும் குழாய் நீளம் என்று ஒன்று கிடையாது. எந்த இடத்தில் பலன் வேண்டும் என்று முடிவு செய்துதான் நீளத்தையும் விட்டத்தையும் வைக்க வேண்டும். பொதுவாக நான்கும் ஒரே இடத்தில் சேரும் 4-1 உச்சியில் கொடுக்கும், 4-2-1 நடுவில் பரவலாகக் கொடுக்கும்.

சிவப்பு86, உங்கள் எஃப்ஏ20 என்ஜினுக்கு 7,000-இல் 200 குதிரைத்திறன், 6,400–6,600-இல் 205 நியூட்டன் மீட்டர். உச்சிக்காகவே அமைத்த என்ஜின், அதன் விலைதான் நடுவில் உள்ள பள்ளம். இன்டேக், கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்), எக்ஸாஸ்ட் மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஹெடர் மட்டும் மாற்றினால் கொஞ்சம் நிரம்பும். ஹெடருக்கு ஏற்ற மாதிரி கேம் டைமிங்கையும் இக்னிஷனையும் டியூனில் திருத்தினால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேடேறும். உச்சியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாங்குவது நடுவில் வரும் இழுவைக்காக என்றால் 86-க்குப் போடலாம் என்பது என் கருத்து.

#4 · ஒன்பதாயிரம்

என் அனுபவம் மலைப்பாதை பக்கம்தான் சேரும். என் வண்டி ஹோண்டா எஸ்2000. 2 லிட்டர், டர்போ கிடையாது, 8,300 ஆர்பிஎம்மில் 240 குதிரைத்திறன். ஊசி 9,000 வரை போகும். 1999-இல் வந்த வண்டி. அந்த என்ஜினில் ஹோண்டா எதையும் மிச்சம் வைக்கவில்லை, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (ஹெடர் இருக்கும் இடத்தில் கம்பெனி வைப்பது) எஃகுக் குழாயில்தான் செய்து கொடுத்தார்கள்.

நான் கம்பெனி ஹெடரைக் கழற்றி அகலமான குழாய் உள்ள ஒன்றைப் போட்டேன். 8,000-க்கு மேல் கொஞ்சம் சுறுசுறுப்பு. 4,000-க்குக் கீழே ஏற்கெனவே சோகையாக இருந்த இழுவை இன்னும் குறைந்தது. தெருவில் ஓட்டும்போது பத்தில் எட்டு நிமிடம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் ஓட்டுகிறோம். விட்டம் பெரிதானால் புகையின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் இழுத்துக்கொண்டு போகும் சக்தியும் குறையும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுக் கம்பெனி ஹெடரையே திரும்பப் போட்டேன். அன்று வண்டியை வெளியே எடுத்தபோது இரண்டாவது கியரிலேயே தெரிந்தது, இதுதான் என் வண்டி என்று.

#5 · சிவப்பு86

டைனோஅறை சார், 3 மில்லிநொடிக் கணக்கைப் படித்த பிறகுதான் பள்ளம் ஏன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வருகிறது என்று புரிந்தது. மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ஒரே அளவு, ஒரே 4-2-1 என்று சொல்லி விற்கும் ஹெடர்களில் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தில் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கிறது.

#6 · ஆர்கான்கை

குழாய் வெல்டிங் என் வேலை, இதற்கு நான் பதில் சொல்கிறேன். வெளியே பார்க்காதீர்கள். ஃப்ளேஞ்ச் (என்ஜினோடு பொருத்தும் தட்டு) பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, டார்ச் அடித்துக் குழாய்க்குள் பாருங்கள்.

நல்ல வேலை என்றால் உள்ளே வெல்டிங் ஒரு மெல்லிய, வழவழப்பான கோடாகத் தெரியும், விரலால் தடவினால் தட்டாது. வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை ஓடவிட்டால்தான் அப்படி வரும். அதைச் செய்யாமல் வெளியே மட்டும் அழகாக ஓட்டியிருந்தால் உள்ளே கருகி, சர்க்கரைப் பாகு உறைந்த மாதிரி பொரிப் பொரியாக நிற்கும். புகை அதில் மோதித் தடுமாறும். பொரி உடைந்து போனால் நேராகக் கன்வெர்ட்டரில் போய் விழும். நான் ஒருமுறை பழுதுக்கு வந்த ஹெடரில், ஃப்ளேஞ்சில் இருந்து இரண்டு விரல் தூரத்தில், மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு கண்டேன். குழாயின் விட்டத்தை அரை மில்லிமீட்டர் வரை கணக்குப் போட்டு விளம்பரம் செய்திருந்தார்கள்.

அடுத்தது ஃப்ளேஞ்ச். தட்டு மெலிதாக இருந்தால் சூட்டில் வளைந்துவிடும், நடுவில் வைக்கும் கேஸ்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கசியும். நான் செய்வதாக இருந்தால் 10 மில்லிமீட்டருக்குக் குறைய மாட்டேன். வாங்கிய உடனே ஒரு தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் திருப்பி அனுப்புங்கள். துளைகள் என்ஜின் போர்ட்டோடு (புகை வெளியே வரும் துளை) நேராகப் பொருந்துகின்றனவா என்று புது கேஸ்கெட்டை வைத்தே பார்த்துவிடலாம். குழாயின் விளிம்பு போர்ட்டுக்குள் துருத்தக்கூடாது.

மூன்றாவது, விரிவு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 304 ஸ்டெயின்லெஸ் எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியஸுக்கு 17 மைக்ரான் விரியும். 60 சென்டிமீட்டர் குழாய் 600 பாகை சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீள்கிறது. நான்கு குழாய்களும் ஒரே அளவு சூடாவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இறுக்கமாக வெல்டிங் செய்துவிட்டால் அந்த 6 மில்லிமீட்டருக்கு எங்கே இடம்? கலெக்டர் பக்கத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை போல் விரிசல் விடும். ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி இணைப்பு வைத்து, ஸ்பிரிங் போட்டுப் பிடித்திருந்தால் அது யோசித்துச் செய்த வேலை. பந்தய ட்ராக்கில் நீண்ட நேரம் முழு மிதியில் ஓட்டுபவராக இருந்தால் 321 எஃகு கேளுங்கள். அதில் டைட்டேனியம் சேர்ப்பதால் அந்தச் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும்.

இன்னொன்று, குழாய் மேல் துணி போல் சுற்றும் ஹீட் ரேப். சாதாரண இரும்புக் குழாயில் சுற்றாதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பிரிக்கும்போது குழாயும் சேர்ந்து உதிர்ந்ததை என் கையால் பார்த்திருக்கிறேன்.

#7 · எட்டுசிலிண்டர்

ஹெடரால் பலனே இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு வி8 வண்டியில் லாங் ட்யூப் ஹெடர் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் மஸ்டாங் ஜிடி வைத்திருக்கிறேன். வி8 காரர்களிடம் போய் எதை முதலில் செய்யலாம் என்று கேட்டால் ஹெடரைத்தான் சொல்வார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

கிராஸ்பிளேன் கிராங்க் (முட்டுகள் 90 பாகை இடைவெளியில் குறுக்காக நிற்பது) உள்ள வி8-இல் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களும் சம இடைவெளியில் எரிவதில்லை. 90, 180, 270, 180 என்று ஏறுமாறாக வரும். 90 பாகை இடைவெளியில் அடுத்தடுத்து எரியும் இரண்டும் ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிடும். குட்டையான மேனிஃபோல்டில் இந்த மோதல் வால்வுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. நீளக் குழாயில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நெடுந்தூரம் போன பிறகுதான் சேர்கின்றன. 1960-களின் ஃபோர்டு ஜிடி40-இல் இதற்காகவே இரண்டு பக்கக் குழாய்களையும் குறுக்கே கொண்டு போய்ப் பின்னியிருப்பார்கள். பாம்புக் கூட்டம் என்றே அதற்குப் பெயர்.

டியூனோடு சேர்த்துப் போட்டேன், 4,000-க்கு மேல் வேறு வண்டி. ஆனால் ஒரு குறையை ஒளிக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது 2,000 பக்கத்தில் காதில் அடைக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் வருகிறது. நீண்ட பயணத்தில் என் மனைவிக்குத் தலைவலி வந்துவிடுகிறது. அதற்கு சைலன்சரை மாற்ற வேண்டியிருந்தது.

#8 · வாரஇறுதிட்ராக்

86 தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கன்வெர்ட்டர் இல்லாத ஹெடரையே போடுங்கள். 86-இல் ஹெடரோடு சேர்ந்து ஒரு கன்வெர்ட்டர், அதற்குப் பின்னால் முன்குழாயில் இன்னொன்று என இரண்டு இருக்கின்றன. முதலாவதை எடுத்தாலும் இரண்டாவது மிச்சமிருக்கும். பலனில் பெரும்பகுதி அந்த முதல் கன்வெர்ட்டரை எடுப்பதில்தான் வருகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சாரை டியூனில் அணைத்துவிட்டால் செக் என்ஜின் லைட் எரியாது. நான் மூன்று வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

#9 · பழையஸ்பேனர்

வாரஇறுதிட்ராக் தம்பி, ட்ராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டி, அப்படியே ஏற்றிக்கொண்டு வருவதாக இருந்தால் உன் இஷ்டம். தெருவில் ஓடும் வண்டிக்கு இதைச் சொல்லாதே. நான் 30 வருடத்துக்கு மேலாக ஸ்பேனர் பிடிக்கிறேன், இந்த விஷயத்தில் எனக்கு ஒரே கருத்துதான்.

கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு மாதிரி ஒரு கட்டை இருக்கிறது. அது 250, 300 பாகை சூடேறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். என்ஜினுக்கு ஒட்டினாற்போல் வைத்திருப்பதே சீக்கிரம் சூடேறத்தான். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் நச்சுப் புகை அதிகம் வருகிறது. முதல் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு இரண்டாவது இருக்கிறதே என்றால், அது தூரத்தில் இருக்கிறது, சூடேற நேரமாகும். அதுவரை அத்தனை புகையும் அப்படியே வெளியே போகும், நம் வீட்டு வாசலிலேயே. சட்டமும் பெரும்பாலான நாடுகளில் கன்வெர்ட்டரைக் கழற்றுவதை அனுமதிப்பதில்லை. புகைச் சோதனையில் நிற்கும்போது பழையதைத் தேடி ஓடுகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

சென்சாரை அணைப்பது பற்றி. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது எரிபொருள் கலவைக்கு, பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிக்க. இரண்டும் ஒரே மாதிரி ஆட ஆரம்பித்தால் பி0420 என்ற பிழைக் குறியீடு வந்து செக் என்ஜின் லைட் எரியும். அந்தக் கண்ணை மூடிவிட்டால் நாளைக்குக் கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டாலும் உனக்குத் தெரியாது. ஒரு வண்டி அப்படி வந்தது. மலை ஏறவில்லை, பிளக் மாற்றினோம், பம்ப் மாற்றினோம் என்றார்கள். கீழே தட்டிப் பார்த்தேன், உள்ளே கட்டை உடைந்து கலகலவென்று ஆடுகிறது. லைட் எரிந்திருந்தால் ஆறு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

சிவப்பு86, கன்வெர்ட்டரோடு வரும் ஹெடர்கள் உன் வண்டிக்குக் கிடைக்கின்றன. கம்பெனிக் கட்டையைவிடத் துளைகள் பெரிதாக, அடைப்புக் குறைவாக இருக்கும். பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதையே வாங்கு.

#10 · மலைப்பாதை

அண்ணா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டா அந்த நீளக் குழாயை வைத்ததால் கன்வெர்ட்டர் தள்ளிப் போய், சூடேறுவது தாமதமானது. அதைச் சரிக்கட்ட, குளிர்ந்த நிலையில் இக்னிஷனைத் தாமதப்படுத்திப் புகையைச் சூடாக அனுப்பினார்கள். அப்போதும் எரிதல் சீராக இருக்க பிஸ்டன் தலையில் ஒரு குழிவு வைத்தார்கள். ஒரு குழாயை நீட்டுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

டைனோஅறை எழுதியதைப் படித்த பிறகு 86 விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பள்ளம் உண்மையாகவே இருக்கும் வண்டிக்கு இது வேறு கணக்கு.

#11 · புதியசக்கரம்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டி டர்போ. எனக்கும் ஹெடர் பலன் தருமா?

#12 · டைனோஅறை

முதலில் உங்கள் என்ஜினில் ஹெடர் மாட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பல டர்போ என்ஜின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்படுகிறது. ஃபோக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை இஏ888, சிவிக் டைப் ஆர்-இன் கே20சி1 இரண்டும் அப்படித்தான். ஹெட்டிலேயே நேராக டர்போ. கழற்ற ஒன்றுமே இல்லை.

தனி மேனிஃபோல்டு இருந்தாலும் டர்போவில் கணக்கு மாறுகிறது. புகையின் சூடும் வேகமும் டர்போவைச் சுற்றும் டர்பைனுக்குப் போய்ச் சேர வேண்டும். குழாய் நீண்டால் வழியிலேயே சூடு இறங்கும், டர்போ சுற்றத் தாமதமாகும். பெரிய டர்போ போட்டு உச்சியில் மட்டும் ஓட்டுபவருக்கு நீளக் குழாய் உதவும். உங்களுக்கு டியூனில் தொடங்குவதுதான் சரி.

#13 · சிவப்பு86

முடிவு செய்துவிட்டேன். சமநீளக் குழாய், 4-2-1, கன்வெர்ட்டரோடு. சமமில்லாத நீளத்தில் வரும் ஹெடரில் பழைய சுபாரு மாதிரி குமுறல் சத்தம் வரும் என்று நண்பர்கள் ஆசை காட்டினார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா. பழையஸ்பேனர் அண்ணா, நானும் நண்பரும் சேர்ந்து கழற்றப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

#14 · பழையஸ்பேனர்

உன் என்ஜினில் சிலிண்டர்கள் படுத்திருப்பதால் ஹெடர் அடியில் இருக்கிறது. அது உனக்கு வசதி. ஆனால் வண்டிக்கு அடியில் போக வேண்டும். ஜாக்கை நம்பி ஒரு விரலைக்கூட நீட்டாதே. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போ.

முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வை. கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கம் லேசாகத் திருப்பு, டிக் என்று ஒரு சத்தம் வரும், பிறகு கழற்று. வரவில்லையென்றால் பலம் காட்டாதே. ஹெட்டில் இருக்கும் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் ஆகிவிடும். சென்சாருக்கு 22 மில்லிமீட்டர், வயர் போக வெட்டு விட்ட சாக்கெட் வேண்டும், சாதாரண ஸ்பேனர் முனையை வழுக்கிவிடும். என்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது சென்சார் எளிதாக வரும். திரும்பப் போடும்போது மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் கிரீஸ் மரையில் மட்டும், முனையில் படவே கூடாது.

கேஸ்கெட் புதிது. சிலிகோன் பேஸ்ட் தடவாதே, அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்கு. சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து. சென்சார் வயர் குழாயைத் தொடாமல் கட்டு.

ஸ்டார்ட் செய்யும் முன் குழாய் முழுவதையும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடு. கைரேகை பட்ட இடம் சூட்டில் கறையாக நின்றுவிடும். பிரேக் கிளீனரால் துடைக்காதே. சிலவற்றில் குளோரின் இருக்கும், சூட்டில் அது கொடிய நச்சுவாயுவாக மாறும்.

ஓட்டிவிட்டு, முழுக்க ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார். நூறு, இருநூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை.

#15 · டைனோஅறை

ஹெடர் போடும் முன்பே ஒருமுறை டைனோவில் (சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் மெஷின்) ஏற்றிவிடுங்கள். போட்ட பிறகும் அதே மெஷின், அதே கியர், அதே டயர் காற்று, முடிந்தால் ஒரே நாள். ஒவ்வொரு முறையும் மூன்று ஓட்டம். ஒன்றுமே மாற்றாமல் ஓட்டினாலே இரண்டு மூன்று சதவீதம் ஏறி இறங்கும். வேறு வேறு நாளில், வேறு வேறு மெஷினில் எடுத்த இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உச்ச எண்ணைப் பார்க்காமல் 3,000 முதல் 5,000 வரை கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

#16 · சிவப்பு86

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். சொன்னதை எல்லாம் செய்தேன்.

காலையில் கம்பெனி ஹெடரோடு மூன்று ஓட்டம், அங்கேயே லிஃப்டில் ஏற்றி மாற்றினோம், மாலையில் டியூன் இல்லாமல் மூன்று ஓட்டம், பிறகு டியூன் செய்து மூன்று. டியூன் இல்லாமல் உச்சியில் வந்த வித்தியாசம் 3 குதிரைத்திறன். டைனோஅறை சார் சொன்ன கணக்குப்படி அதை வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. 4,000-இல் மட்டும் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. டியூனுக்குப் பிறகு உச்சியில் 8 குதிரைத்திறன், 4,000-இல் சக்கரத்தில் 18 நியூட்டன் மீட்டர். பள்ளம் முழுக்கப் போகவில்லை. முன்பு கிணறு மாதிரி இருந்தது, இப்போது சாலையில் ஒரு சிறு தாழ்வு மாதிரி இருக்கிறது. மூன்றாவது கியரில் அதே வளைவில் மிதித்தால் வண்டி இப்போது உடனே கேட்கிறது. எனக்கு வேண்டியது இதுதான்.

ஒரு சிக்கல் வந்தது. நான்காம் நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், தையல் மெஷின் ஓடுவது போல். சூடானதும் நின்றுவிட்டது. இசியூவைப் பார்த்தால் அது வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆறிய பிறகு அடியில் போய்ப் பார்த்தேன். இடது பக்க ஃப்ளேஞ்சின் பின் மூலையில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கருங்கோடு. கசியும் இடத்தில் வெளிக்காற்றும் உள்ளே போய், சென்சார் அதைப் பார்த்துக் கலவை வறண்டிருப்பதாக நினைத்திருக்கிறது. அந்த ஒரு நட்டு கால் சுற்றுக்கு மேல் திரும்பியது. சத்தம் போய்விட்டது.

#17 · பழையஸ்பேனர்

நல்லது தம்பி. அந்தக் கருங்கோட்டைத் துடைத்துவிட்டாயா? துடைத்தால்தான் மறுபடி கசிந்தால் தெரியும். ஒரு வாரம் கழித்துப் பார். திரும்ப வந்திருந்தால் இன்னும் இறுக்காதே, கேஸ்கெட்டை மாற்று. கம்பெனி ஹெடரை விற்றுவிடாதே.

#18 · சிவப்பு86

துடைத்துவிட்டேன் அண்ணா. நேற்று பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பழைய ஹெடர் மரையில் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. நட்டுகளை எந்தப் பக்கத்தது என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு அதன் மேலேயே வைத்திருக்கிறேன்.